பீலி வற்றிய மாதங்கள்

அந்த வருடம் மழை வழக்கத்துக்கு முன்பே நின்றுவிட்டது. எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் பாறை இடுக்கிலிருந்து வந்து பீலிக் குழாய் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் முதலில் விரல் பருமனுக்கு மெலிந்தது. பிறகு நூலானது. பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் அதுவும் நின்றுபோனது. தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சொன்னார்கள். பவுசர் லொறியில் தண்ணீர் அனுப்புவதாகப் பதில் வந்தது. ஒரு தடவை அனுப்பவும் செய்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குக் கீழே இருக்கும் ஓடைக்கு இறங்கத் தொடங்கினோம்.

நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வீடு றொசல்லவுக்கு மேலே, தோட்டத்தில். வீட்டுக்காரர் தோட்டத்து பெக்டரியில், கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை. மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். ஆக வீட்டில் நாங்கள் இருவர்தான். இரண்டு பேருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கப்போகிறது என்று நினைப்பது சுலபம். சமைக்க, குடிக்க, கழுவ, துவைக்க என்று பார்த்தால் விடிவதற்குள் நான்கைந்து நடை இறங்கி ஏற வேண்டியிருந்தது. அவருக்கு இரவு வேலை இருக்கும் வாரங்களில் எல்லா நடையும் என்னுடையதுதான்.

ஓடையில் ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கிக் குட்டைபோல நிற்கும். தெளிவான தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். கடைசி வாளியை நிரப்பி வைத்துவிட்டு அங்கேயே குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொள்வேன். மூக்கைச் சிந்தி, வாயைக் கொப்பளித்து, நான்கு மடக்குக் குடிக்கவும் செய்வேன். அந்தக் குளிர் முகத்தில் படும் நேரம் ஒன்றுதான் அந்த நாட்களில் எனக்கு நன்றாக இருந்தது. பிறகு மேட்டில் ஏற வேண்டும், சேலை கட்ட வேண்டும், ரோட்டுக்கு இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

பஸ்ஸில் இருந்து பார்த்தால் மலைகள் இரண்டு நிறமாகத் தெரிந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் விதை போட்டு வளர்த்த பழைய தேயிலை அந்த வெயிலிலும் பச்சையாகத்தான் நின்றது. அதன் ஆணிவேர் நேராக ஆழத்துக்கு இறங்கி எங்கோ ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிற்காலத்தில் கிளை வெட்டி நட்ட தேயிலைக்கு அப்படி ஒரு வேர் கிடையாது. பக்கவாட்டில் பரவும் வேர்கள்தான். அது நன்றாகத் துளிர்க்கும், கொழுந்தும் நிறையக் கொடுக்கும். ஆனால் மேல்மண் காய்ந்தால் முதலில் வாடுவது அதுதான். இலைகள் விளிம்பு சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தன.

அந்தப் பள்ளித் தவணையில் நான் நடத்திக்கொண்டிருந்ததும் இதைத்தான். உயிரினங்களின் அமைப்புக்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பு என்று பாடத்திட்டத்தில் போட்டிருக்கும். ஏன் இலைத்துளைகள் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன, காவற்கலங்கள் எப்படித் தளர்ந்து துளையை மூடுகின்றன, மூடினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் காற்று உள்ளே வராது, உணவு ஆக்குவதும் குறைந்துவிடும். பழைய தேயிலையிலும் புதிய தேயிலையிலும் கிளை ஒடித்துக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். சொல்லிக்கொண்டே இருந்தபோது எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. செடிக்குக் களைத்துப்போனால் கதவைச் சாத்திக்கொள்ள முடிகிறது. எனக்கு அடுத்த பாடவேளைக்கு மணி அடித்துவிட்டது.

முதல் தடவை ரத்தம் வந்தது வகுப்பில்தான். பயிற்சித்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு துளி தாளில் விழுந்தது. சிவப்பு மைதான் கசிகிறது என்று பேனாவைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது துளி விழுந்த பிறகுதான் மூக்கில் கை வைத்தேன். வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் உடம்புச் சூடு என்றார். வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார். தலைக்கு எண்ணெய் வைத்தேன். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்தது. அதற்குப் பிறகு நினைத்தபோதெல்லாம் வரத் தொடங்கியது. எப்போதும் இடது மூக்கிலிருந்துதான். வலி கிடையாது. ஆனால் ரத்தம் லேசில் நிற்காது. கைக்குட்டை நனைந்து, இன்னொன்று நனையும்வரை வந்துகொண்டே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு நெருக்கமாக இருந்தவர் இரசாயனவியல் ஆசிரியை. யாழ்ப்பாணத்துக்காரி. முதல் நியமனத்தில் மலைநாட்டுக்கு வந்து டிக்கோயாவில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். என்னைவிட மிகவும் இளையவர். வந்த புதிதில், மழைக்காலத்தில், காலில் அட்டை ஏறியதைக் கண்டு ஆசிரியர் அறை மேசைமேல் ஏறி நின்றுவிட்டார். அன்றிலிருந்து காலுறைக்கு மேலே சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்கு வருவார். வெயில் வந்ததும் அட்டை ஒழிந்தது என்று மலைநாட்டிலேயே சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

என் மூக்கில் ரத்தம் வருவது அவருக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், உது வெறும் சூடு இல்லை. பிரஷர் பார்த்தனீங்களே?"

பார்க்கவில்லை என்றேன். அன்று பின்னேரமே டவுனில் ஒரு டிஸ்பென்சரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். பிரஷர் சரியாக இருந்தது. டாக்டர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்றார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டும்படி சொன்னார். ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். பயம்தான். எங்கள் தோட்டத்திலேயே எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படித்தான் மூக்கில் ரத்தம் வரத் தொடங்கியது. மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த மழைக்கு அவர் இல்லை. ரத்தம் வரும் மூக்கிலேயே சில நேரம் உள்ளுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு இருப்பதுபோலவும், லேசாக நகர்வதுபோலவும் எனக்குத் தோன்றும். கட்டியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். ரத்தம் நிற்காமல் வருவதையோ இந்தப் பயத்தையோ வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. அவள் போன் பண்ணினால் தண்ணீர்க் கதையைத்தான் பேசுவேன்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பயத்துக்கும் எனக்கு அவ்வளவு தெம்பு இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்குவேன். வாளியோடு ஏறும்போது தேயிலைக்குள் இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவேன். செத்துப்போனால் யார் தண்ணீர் எடுப்பார்கள் என்று ஒரு நாள் யோசித்தேன். வீட்டுக்காரருக்கு அது வேலைக்குப் போகுமுன் முடியுமா, வந்த பின்னாலா என்றுகூடக் கணக்குப் போட்டேன். அழுகை வரவில்லை. எழும்பி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அந்த நிலையில்தான் வகுப்பில் முதுகெலும்பில்லாத விலங்குகளுக்கு வந்து சேர்ந்தோம். மண்புழுவை முடித்துவிட்டு அட்டையை எடுத்தேன். பலகையில் படம் போட்டேன். உடம்பின் இரண்டு முனையிலும் உறிஞ்சி இருக்கிறது. பின்னுறிஞ்சி பெரியது, பிடித்துக்கொள்வதற்கு. உடம்பு முழுக்கத் தசை, எலும்பு கிடையாது, அதனால் நூலாக நீளவும் உருண்டையாகச் சுருங்கவும் முடியும். உமிழ்நீரில் ரத்தம் உறையாமல் செய்யும் பொருள் இருக்கிறது. கடித்தால் வலி தெரிவதில்லை. குடலில் பக்கப் பைகள் உண்டு, ஒருமுறை குடித்தால் நெடுநாள் தாங்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. கால் முழுக்கத் தழும்போடு இருக்கும் பிள்ளைகள்.

ஒரு பிள்ளை எழும்பி, காட்டு அட்டைக்கும் தண்ணீர் அட்டைக்கும் ஒரே வாய்தானா என்று கேட்டாள். நல்ல கேள்வி. இல்லை என்றேன். காட்டு அட்டையின் தாடை நம் தோலை அறுக்கும் அளவுக்குக் கூர்மையானது. ஓடைகளில் வாழும் ஒரு வகைக்குத் தாடை பலவீனம், தோலைக் கிழிக்க முடியாது. அதனால் அது மென்மையான இடத்தைத் தேடிப் போகும். மாடு தண்ணீர் குடிக்கும்போது மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் ஏறிக்கொள்ளும் என்று விளக்கினேன். சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாட்டைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தலைக்குக் குளிக்கலாம் என்று ஓடைத் தண்ணீரை ஒரு பேசினில் ஊற்றிக் குசினி வாசலில் வைத்தேன். நல்ல வெளிச்சம். முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குனிந்தபடி தலைமுடியை முன்னால் தள்ளினேன். தண்ணீரில் என் முகம் தெரிந்தது. அதில், மூக்கிலிருந்து கறுப்பாக ஒன்று இறங்கியது. ரத்தம் என்றுதான் நினைத்தேன். துளி விழுவதற்காகக் காத்திருந்தேன். அது விழவில்லை. நீண்டது. நுனி தண்ணீரைத் தொட்டு இப்படியும் அப்படியும் தேடியது. நான் மூச்சை இழுத்ததும் சட்டென்று சுருங்கி உள்ளே போய்விட்டது.

நான் கத்தவில்லை. அசையாமல் குனிந்தபடியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. இந்தத் தடவை நன்றாகப் பார்த்தேன். பழுப்புக் கறுப்பு நிறம், முன்னால் மெலிந்த உடம்பு. நான் பலகையில் போட்ட படத்தில் முன்முனையை எவ்வளவு சரியாகப் போட்டிருந்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குப் பிறகு இது கட்டி இல்லை என்று புரிந்தது. கட்டி இல்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். அத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

வீட்டுக்காரர் இரவு வேலை முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். மூக்கில் அட்டை இருக்கிறது என்று சொன்னேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "ரத்தக்கட்டியா இருக்கும். பேசாம படு" என்றார்.

"நீங்களே வந்து பாருங்க."

பேசினுக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்து மறுபடி குனிந்தேன். அது இறங்கி வந்தபோது அவர் பேசினைவிட்டுப் பின்னால் நகர்ந்தார். சிறு வயதிலிருந்து மலையில் புழங்கிய மனிதர். காலில் ஏறும் அட்டையைச் சுண்டிவிட்டு நடந்துகொண்டே இருப்பார். இதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. உப்புத்தண்ணியை மூக்கில் ஊற்றலாம் என்று எழும்பினார். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். எரிச்சலில் அது வெளியே வருமா, இன்னும் உள்ளே தொண்டைப் பக்கம் போகுமா என்று யாருக்குத் தெரியும். இழுத்தாலும் வராது. பின்னுறிஞ்சியால் பிடித்துக்கொண்டிருக்கும், பிய்ந்துபோகும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரசாயனவியல் டீச்சருக்கு போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னதும் எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டு போனை வைத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டிலேயே நிற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நின்றார். என் மூக்கைப் பார்க்காமல் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு, வாங்கோ என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் இளைஞர், சிங்களவர். எனக்குச் சிங்களம் தெரியும். நடந்ததைச் சொன்னேன், எந்த வகை அட்டையாக இருக்கும் என்றும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, எப்படித் தெரியும் என்று கேட்டார். உயிரியல் படிப்பிக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்காகச் சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. லைட்டைப் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு ஒரு பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, மூக்கு படும்படி குனிய வைத்தார்.

"டீச்சர், மூச்சு வாயில எடுங்க. மெதுவா. ஆடக்கூடாது," என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

வீட்டுக்காரர் என் பின்னால் நின்றிருந்தார். அது முதல் தடவை வெளியே நீண்டு, இடுக்கி பட்டு வழுக்கி உள்ளே போனபோது, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே போய்விட்டார். தலையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. நர்ஸ் லைட்டைப் பிடித்திருந்தார். அப்போது இரண்டு குளிர்ந்த கைகள் என் கன்னத்தின் இரு பக்கமும் வந்து பிடித்தன. பிறகு விடவில்லை.

"நான் பிடிச்சிருக்கிறன் டீச்சர். நீங்கள் அசையாதேங்கோ. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நிக்கிறன்."

மறுபடியும் அது தண்ணீரைத் தேடி இறங்கியது. டாக்டர் அவசரப்படவில்லை. நன்றாக நீளும்வரை காத்திருந்து பிடித்தார். இழுக்கவில்லை, பிடித்தபடியே இருந்தார். மரத்துப்போகச் செய்யும் மருந்தை மூக்குக்குள் விடச் சொன்னார். எனக்கு நெற்றிக்குப் பின்னால் ஒரு இழுப்பு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு உள்ளே ஏதோ ஒன்று விடுகிற உணர்வு, சின்னதாக, காதுக்குள் கேட்பதுபோல. சூடாக ரத்தம் வந்தது. டாக்டர் அதைத் தட்டில் போட்டார். சுண்டுவிரல் அளவு இருந்தது, கொழுத்துப் போயிருந்தது. எனக்குள் போகும்போது அரிசியளவுகூட இருந்திருக்காது. மீதி வளர்ந்தது முழுக்க என்னில்தான்.

போத்தலில் போட்டுத் தரவா என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்றார். வேண்டாம் என்று மறுபடியும் சொன்னேன். அந்த உடம்பில் இருப்பது என் ரத்தம், அதைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பு நடத்த எனக்கு மனம் வரவில்லை. நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு தட்டை எடுத்துப்போனார்.

வெளியே வந்தால் வீட்டுக்காரர் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "ஏன் இத்தன நாளா சொல்லல?"

புற்றுநோய் என்று நினைத்தேன் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். இரசாயனவியல் டீச்சர் கைகழுவப் போனவர் நெடுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது முகமும் நனைந்திருந்தது. மூவரும் கடையில் தேத்தண்ணீர் குடித்தோம். டீச்சர் மட்டும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் குடித்தார்.

மறுநாள் லயத்தில் எல்லாப் பிள்ளைகளையும் பேசினுக்கு முன்னால் குனிய வைத்துப் பார்த்தோம். யாருக்கும் இல்லை. கடைசி வீட்டு மாட்டுக்கு இருந்தது. அதற்கும் எடுத்தார்கள். ஓடைத் தண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டிக் கொதிக்கவைத்தோம். யாரும் அங்கே முகம் கழுவுவதில்லை என்று முடிவானது. ஆனால் தண்ணீர் எடுக்கத்தான் வேண்டியிருந்தது. இரவு வேலை முடிந்து வரும் வழியில் இப்போது அவரும் ஒரு நடை எடுத்து வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

ரத்தம் நின்றது. மாத்திரை தொடர்ந்தேன். அடுத்த முறை கண்ணிமையைப் பார்த்த டாக்டர் நன்றாகத் தேறிவிட்டதாகச் சொன்னார். படிக்கட்டில் நிற்காமல் ஏற முடிந்தது. களைப்பு முழுக்கப் போய்விடும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். பாதிதான் போனது. மற்றப் பாதிக்கு எந்த டாக்டரிடமும் எடுத்துக்காட்ட ஒன்றும் இல்லை.

வகுப்பில் கணுக்காலிகளுக்குப் போனோம். அட்டை விஷயம் எப்படியோ பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். உயிரியல் டீச்சர் ஒருத்தியின் மூக்கில் ஏறிய அட்டைக்கு அவள் என்ன படித்திருக்கிறாள் என்று தெரியாது, அங்கே ஈரமும் மென்மையான தோலும் இருந்தது, அது போதும் என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நண்டின் கால்களைப் பலகையில் போடத் தொடங்கினேன், ஒவ்வொரு சோடியும் எதற்கு என்று.

அன்று பின்னேரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தலையைச் சாய்த்தது மட்டும் தெரியும். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது வட்டவளை வந்துவிட்டிருந்தது. நான் இறங்க வேண்டிய றொசல்லவில் இரண்டு தடவை கூப்பிட்டாராம். இறங்கி ரோட்டைக் கடந்து, ஹட்டன் பக்கம் போகும் பஸ்ஸுக்காக நின்றேன். மேற்கே மேகம் கூடியிருந்தது, மழை வருமா என்று தெரியவில்லை. வீட்டுக்காரருக்கு போன் பண்ணி, பிந்தி வருகிறேன், அரிசியைக் கழுவி வையுங்கள் என்று சொன்னேன்.